டிக்கிக்குள் ஒரு வரலாறு

ஒரு காரின் டிக்கியைத் திறந்து பாருங்கள். ஒரு ஸ்டெப்னி, ஒரு ஜாக்கி, வீல் ஸ்பேனர், சிவப்பு முக்கோணம், உறை பிரிக்காத முதலுதவிப் பெட்டி. பெரும்பாலான கார்களில் இவை வண்டி வாங்கிய நாளில் வைத்த இடத்திலேயே தூசி படிந்து கிடக்கும். பலருக்கு ஜாக்கியை எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்பதே தெரியாது.

ஆனால் இந்தச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது. யாரோ ஒருவர், ஏதோ ஒரு ஊரில், நடுவழியில் தவித்து நின்றிருக்கிறார். அதன் விளைவாகத்தான் அந்தப் பொருள் டிக்கிக்குள் வந்து சேர்ந்தது. "டிக்கி" என்ற சொல்லே பழையதுதான். அந்தக் காலத்து இரண்டு இருக்கை கார்களின் பின்பக்கம் மடக்கித் திறக்கும் ஒரு இருக்கை இருந்தது. அதற்கு "டிக்கி சீட்" என்று பெயர். இருக்கை போய் அங்கே சாமான் வைக்கும் இடம் வந்த பிறகும் இந்தியாவில் பெயர் மட்டும் தங்கிவிட்டது!

சரி, வழியில் எதை எடுத்துச் செல்வது என்ற கேள்வி எப்போது தொடங்கியது? கார் பிறந்த அன்றே தொடங்கிவிட்டது.

தொப்பி ஊசியும் மருந்துக்கடையும்

1886-ல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், 15 வயது யூஜின், 13 வயது ரிச்சர்ட் என்ற இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து தன் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் ஊருக்குக் கிளம்பினார். தூரம் சுமார் 100 கிலோமீட்டர். அதற்கு முன் எந்தக் காரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அப்போது பெட்ரோல் பங்க் கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்க விற்கப்பட்ட லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி எரிபொருளாக ஊற்றினார். அந்த மருந்துக்கடையை உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்றும் சொல்கிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் நீண்ட ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்துபோனபோது, காலுறை நழுவாமல் இருக்கக் கட்டும் எலாஸ்டிக் பட்டையை அதன்மேல் சுற்றினார். சங்கிலியைச் சரிசெய்ய ஒரு கொல்லர் உதவினார். பிரேக்கின் மரக்கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அதன்மேல் தோல் அடித்து வாங்கிக்கொண்டார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

இந்தப் பயணத்தில் கருவிப் பெட்டி செய்யவேண்டிய வேலையை ஊர் செய்தது. மருந்துக்கடைக்காரர், கொல்லர், செருப்புத் தைப்பவர் என்று வழிநெடுக ஆட்கள் இருந்தார்கள். ஜெர்மனியின் அந்தப் பகுதியில் சில கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வரும். ஊர்களே இல்லாத சாலையில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்காவில் பதில் தேட வேண்டியிருந்தது.

துப்பாக்கி இருந்தது, சோறு இல்லை!

1903 மே மாதம். ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர், சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களிடம் 50 டாலர் பந்தயம் கட்டினார். காரிலேயே அமெரிக்காவைக் குறுக்கே கடந்து நியூயார்க் போய்க் காட்டுகிறேன் என்பதுதான் பந்தயம். மெக்கானிக் சீவால் கிராக்கரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 20 குதிரைத்திறன் கொண்ட வின்டன் காரில் மே 23 அன்று புறப்பட்டார்.

அவர் வண்டியில் ஏற்றியவற்றைப் பாருங்கள். படுக்கைப் பைகள், சமையல் பாத்திரங்கள், மழைக்கோட்டுகள், கோடாலி, மண்வெட்டி, கப்பியும் கயிறும், தொலைநோக்கி, ஒரு கோடாக் கேமரா, ரைஃபிள், ஷாட்கன், கைத்துப்பாக்கிகள், உதிரி பாகங்கள், பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் டின்கள். ஒரு சிறிய படையெடுப்பு மாதிரி இருக்கிறதல்லவா?

ஆனால் மாற்று டயர் எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. பொருந்தும் அளவில் அது ஒன்றுதான் சான் பிரான்சிஸ்கோவில் கிடைத்தது. கிளம்பிய 15-வது மைலிலேயே ஒரு டயர் வெடித்தது. அந்த ஒன்றும் அங்கேயே முடிந்தது. பிறகு சில இடங்களில் டயருக்குப் பதில் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். பெட்ரோல் தீர்ந்தபோது கிராக்கர் ஒரு வாடகை சைக்கிளில் ஏறி 25 மைல் தள்ளியிருந்த ஊருக்குப் போனார். வழியில் அந்த சைக்கிளும் பஞ்சர்! சமையல் பாத்திரங்கள் குலுங்கலில் எங்கோ விழுந்து தொலைந்தன. வயோமிங்கில் வழிதவறி 36 மணி நேரம் சாப்பாடே இல்லாமல் அலைந்தவர்களுக்கு ஒரு ஆட்டிடையர் இறைச்சியும் வேகவைத்த சோளமும் கொடுத்தார்.

63 நாட்களில் அவர்கள் நியூயார்க்கை அடைந்தார்கள். கொண்டுபோன எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பக் கைகொடுத்தது கப்பியும் கயிறும்தான். சேற்றில் புதைந்தபோதெல்லாம் மரத்தையோ பாறையையோ பிடிமானமாக வைத்துக் காரை இழுத்தார்கள். தொலைநோக்கி அழகான பொருள்தான், ஆனால் அது யாரையும் சேற்றிலிருந்து தூக்காது. இந்த வேறுபாட்டைப் பிறகு வந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டார்கள்.

பாலைவனத்தில் ஒரு பாடம்

1907-ல் பீக்கிங்கிலிருந்து பாரிஸ் வரை ஒரு கார் பயணம் நடந்தது. ஐந்து வண்டிகள் புறப்பட்டன. இத்தாலிய இளவரசர் சிபியோனே போர்கேசே முன்கூட்டியே திட்டமிட்டவர். அவருடைய இத்தாலா காரின் மட்கார்டுகள் நீண்ட இரும்புத் தகடுகள். தேவைப்பட்டால் கழற்றிப் பள்ளத்தின் குறுக்கே பலகையாகப் போட்டு அதன்மேல் சக்கரத்தை ஏற்றலாம். அதாவது காரின் பாகமே கருவியாகவும் இருந்தது. பாலைவன வழியில் ஒட்டகங்கள் மூலம் முன்பே பெட்ரோல் அனுப்பி வைக்கப்பட்டது. ரஷ்யாவில் மரச்சக்கரம் உடைந்தபோது உள்ளூர் தச்சர் ஒருவர் கோடாலியால் செதுக்கியே புதுச் சக்கரம் செய்து கொடுத்தார்.

அதே பயணத்தில் ஆகஸ்ட் போன்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கோன்டால் என்ற மூன்று சக்கர வண்டியில் வந்தார். கோபி பாலைவனத்தில் அவருக்கு எரிபொருள் தீர்ந்துவிட்டது. மற்ற வண்டிகள் முன்னே போய்விட்டன. தண்ணீரில்லாமல் சாகக் கிடந்த அவரையும் துணைவரையும் நாடோடி மக்கள் கண்டு காப்பாற்றினார்கள். போர்கேசே முதலாவதாகப் பாரிஸ் சேர்ந்தார். நான்கு வண்டிகள் சேர்ந்தன, ஐந்தாவது பாலைவனத்திலேயே நின்றது. வண்டியை ஓட்டும் சாமான் வேறு, வண்டி ஓடாதபோது மனிதரை உயிரோடு வைத்திருக்கும் சாமான் வேறு. இரண்டும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

1909-ல் 22 வயது அலிஸ் ராம்சே மூன்று பெண்களோடு நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மேக்ஸ்வெல் காரில் போனார். அமெரிக்காவைக் காரில் குறுக்கே கடந்த முதல் பெண் அவர். 59 நாட்களில் 11 முறை டயர் மாற்றினார். ரேடியேட்டர் கொதித்தபோது பாத்திரம் இல்லாததால், பல் துலக்கும் பிரஷ் வைக்கும் சிறு கண்ணாடிக் குப்பிகளில் பள்ளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றினார்களாம். ஒரு வாளி எவ்வளவு பெரிய பொருள் என்று அன்று புரிந்திருக்கும்.

ஸ்டெப்னி யார்?

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் ஒரே வில்லன் திரும்பத் திரும்ப வருகிறான்: டயர். 1895-ல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் மிச்லின் சகோதரர்கள் முதன்முதலாகக் காற்றடைத்த டயரோடு காரை ஓட்டியபோது, பஞ்சர் ஒட்டுவதே பந்தயத்தில் பாதி வேலையாக இருந்தது. அன்றைய சக்கரங்களைக் கழற்ற முடியாது. வண்டியிலேயே டயரை நெம்பிப் பிரித்து, டியூபை ஒட்டி, மறுபடி மாட்டி, கையால் காற்றடிக்க வேண்டும். இரவில், மழையில் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு வேல்ஸ் நாட்டின் லானெல்லி என்ற சிறுநகரில் ஒரு இரும்புக்கடையிலிருந்து வந்தது. தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904-ல் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். ஆரக்கால்கள் இல்லாத வெறும் வளையம். அதில் ஏற்கெனவே காற்றடைத்த டயர் இருக்கும். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கவாட்டில் இந்த வளையத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால் போதும், வண்டி வீடு போய்ச் சேரும். அவர்கள் கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. பொருளுக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள்.

லண்டன் டாக்சிகள் வரை இந்தச் சக்கரம் பரவியது. பிரிட்டிஷ் ஆட்சியின் வழியே இந்தியாவுக்கும் மால்டாவுக்கும் வந்தது. பிரேசிலில் இன்றும் மாற்றுச் சக்கரத்துக்கு "எஸ்தேபி" என்று பெயர். அதுவும் இதே ஸ்டெப்னியிலிருந்து பிறந்த சொல்தான். கழற்றி மாட்டும் சக்கரங்கள் பரவிய பிறகு டேவிஸ் சகோதரர்களின் வளையம் மறைந்துவிட்டது. பிரிட்டனில் அந்தப் பெயரும் மறந்துபோனது. ஆனால் மதுரையிலோ திருச்சியிலோ ஒரு பஞ்சர் கடையில் போய் "ஸ்டெப்னி" என்று சொன்னால் உடனே புரியும். ஒரு வேல்ஸ் தெருவின் பெயரை நூறாண்டுகளுக்கும் மேலாகக் காப்பாற்றி வருவது நம்மூர் டிரைவர்கள்தான்!

ஓட்டுநரே மெக்கானிக்காக இருந்த காலம்

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி சாதாரண மக்களின் கார். அதோடு ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர், இடுக்கி, ஜாக்கி, காற்றடிக்கும் பம்ப் எல்லாம் வரும். பெட்ரோல் அளவைக் காட்டும் முள் கிடையாது. முன் இருக்கையைத் தூக்கி டேங்கில் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறியும். 1912 மாடல் காடிலாக் மின்சார ஸ்டார்ட்டரோடு வந்த பிறகு ஹேண்டில் மெல்ல மெல்ல விடைபெற்றது. ஆனால் பேட்டரி கைவிட்டால் உதவும் என்று இந்தியாவின் அம்பாசிடரில் அது நெடுங்காலம் கூடவே வந்தது.

1950-களில் ஜெர்மனியின் ஹாஸெட் நிறுவனம் ஃபோல்க்ஸ்வாகன் பீட்டில் காருக்காக ஒரு கருவிப் பெட்டி செய்தது. ஸ்டெப்னியின் நடுவில் உள்ள குழியில் கச்சிதமாக உட்காரும் வட்டப் பெட்டி அது. இன்று பழைய பொருள் சேகரிப்பவர்கள் அதற்கு நல்ல விலை கொடுக்கிறார்கள். கருவிப் பெட்டியின் பொற்காலம் அதுதான் என்று சொல்லலாம்.

அதன்பிறகு கார்கள் நம்பகமாகின. ஃபேன் பெல்ட் அறுவதும் பிளாட்டினம் பாயின்ட் தேய்வதும் அன்றாடக் கதையாக இல்லை. எஞ்சினைக் கணினி கவனிக்கத் தொடங்கியது. ஸ்பேனர் வைத்துச் சரிசெய்யக்கூடிய கோளாறுகள் குறைந்தன. பட்டியலின் முதல் பாதி, அதாவது வண்டிக்கான பாதி, சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டாவது பாதி, மனிதருக்கான பாதி, மறக்கப்பட்டது. அதற்கு விலையும் கொடுக்கப்பட்டது.

பனியில் நின்ற கார்கள்

1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பெரும் பனிப்புயல் வீசியது. ரூட் 128 நெடுஞ்சாலையில் 3,000-க்கும் மேற்பட்ட கார்களும் சுமார் 500 லாரிகளும் அப்படியே புதைந்து நின்றன. அவற்றில் எந்தக் கோளாறும் இல்லை. எஞ்சின் ஓடியது, ஹீட்டர் வேலை செய்தது. ஆனால் பனி ஏறி சைலன்சர் குழாய் அடைபட்டது. வெளியே போகவேண்டிய புகை உள்ளே வந்தது. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. குளிருக்காக எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் இறந்தார்கள்.

சின்ன மண்வெட்டி ஒன்றால் குழாயைச் சுற்றிய பனியை அகற்றியிருக்கலாம். நல்ல கம்பளிகள் இருந்திருந்தால் எஞ்சினை இடையிடையே நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் அது தினமும் போய்வரும் சாலை. வீடு பக்கம்தானே என்றுதான் எல்லோரும் கிளம்பியிருப்பார்கள்.

44 ஆண்டுகள் கழித்து, 2022 ஜனவரி 3 அன்று வர்ஜீனியாவில் இன்டர்ஸ்டேட் 95 சாலையில் பனியால் வண்டிகள் ஒரு நாள் முழுக்க நின்றன. செனட்டர் டிம் கெய்னே தன் காரில் 27 மணி நேரம் சிக்கியிருந்தார். பக்கத்து வண்டிக் குடும்பம் ஒன்று வரிசையில் நின்றவர்களுக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தது அப்போது செய்தியானது. அதே வாரத்தில் பாகிஸ்தானின் மலைவாசஸ்தலமான முர்ரீயில் பனி பார்க்கப் போனவர்களின் கார்கள் சாலையில் சிக்கின. குழந்தைகள் உட்பட 20-க்கும் மேற்பட்டோர் வண்டிக்குள்ளேயே இறந்தார்கள். அங்கும் குளிரோடு சேர்ந்து அதே நச்சுவாயுதான் காரணம். 1978-ன் பாடம் ஏட்டில் இருந்தது, டிக்கியில் இல்லை.

சட்டம் எழுதிய பட்டியல்

மனிதர்கள் மறப்பார்கள் என்பதால் சில பொருட்களைச் சட்டமே கட்டாயமாக்கியது. நின்றுபோன வண்டியைப் பின்னால் வருபவர் இருட்டில் பார்க்காமல் மோதுவது பழைய ஆபத்து. அதற்காக வந்ததுதான் எதிரொளிக்கும் முக்கோணம். 1968-ன் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை அதைப் பல நாடுகளுக்குப் பொதுவாக்கியது. இந்திய மோட்டார் வாகன விதிகளிலும் முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் உண்டு. ஜெர்மனியில் காரின் முதலுதவிப் பெட்டிக்குள் எந்தக் கட்டு எத்தனை என்பதற்குக்கூடத் தரவரையறை இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2022-ல் அதைத் திருத்தி இரண்டு முகக்கவசங்களைச் சேர்த்தார்கள். பட்டியல் அனுபவத்தால் எழுதப்படுகிறது என்பதற்கு இது புதிய சாட்சி.

அதே சட்டம் சிலவற்றை நீக்கவும் செய்கிறது. டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் கிட் மூன்றும் இருந்தால் பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் இந்திய விதிகள் திருத்தப்பட்டன. எடை குறையும், இடம் மிஞ்சும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 2017 மாடல் கார்களில் 28 சதவீதத்தில் ஸ்டெப்னி இல்லை என்று கணக்கிட்டது. ஆணி ஏறினால் கிட் போதும். ஆனால் பள்ளத்தில் விழுந்து டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எந்தக் கிட்டும் ஒட்டாது. டேவிஸ் சகோதரர்கள் தீர்த்து வைத்த பிரச்சினை திரும்ப வாசலில் வந்து நிற்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த 130-க்கும் மேற்பட்ட ஆண்டுகளின் கதையைப் பார்த்தால் தேர்வுக்கு மூன்று கேள்விகள் போதும் என்று தெரிகிறது.

முதல் கேள்வி: இந்த வண்டியில் எது பழுதானால் கையால் சரிசெய்ய முடியும்? இன்றைய காரில் அநேகமாக டயரும் பேட்டரியும்தான். எனவே காற்றுள்ள ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஜம்பர் கேபிள், ஒரு சின்ன ஏர் பம்ப், இழுவைக் கயிறு. "காற்றுள்ள" என்பதை அடிக்கோடிட வேண்டும். நான்கு டயருக்கும் காற்றுப் பார்ப்பவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுவது வழக்கம்.

இரண்டாவது: சரிசெய்ய முடியாவிட்டால், உதவி வரும்வரை உள்ளே இருப்பவர்கள் எப்படி இருப்பார்கள்? குடிதண்ணீர், கெடாத தின்பண்டம், டார்ச், போர்வை, போன் சார்ஜ் செய்ய பவர் பேங்க், வீட்டில் யாருக்காவது தினசரி மருந்து உண்டென்றால் அதில் ஒரு நாளுக்கானது. தமிழ்நாட்டில் பனிக்கு மண்வெட்டி வேண்டாம். ஆனால் கோடையில் தண்ணீர் இரட்டிப்பாக வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்களை ஒரு தாளிலும் எழுதி வைக்கலாம், போன் அணைந்துபோனால் வேறொருவர் போனில் அழைக்க உதவும்.

மூன்றாவது: அவசரத்தில் அது கைக்கு எட்டுமா? கார் தண்ணீரில் சிக்கினால் கண்ணாடி உடைக்கும் சுத்தியல் டிக்கியில் இருந்து பயனில்லை, ஓட்டுநர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதிலும் ஒரு எச்சரிக்கை. 2019-ல் ஏஏஏ இப்படிப்பட்ட ஆறு கருவிகளைச் சோதித்தது. சாதாரண டெம்பர்டு கண்ணாடியை நான்கு உடைத்தன. சில புதிய கார்களின் பக்கவாட்டில் வரும் லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எந்த வகை என்று பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். வாங்குவதற்கு முன் அதைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எந்தக் கண்ணாடி டெம்பர்டு என்று தெரிந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்பதும் தெரிந்துவிடும்.

பெர்த்தா பென்ஸிடம் இருந்தது ஒரு தொப்பி ஊசி. ஆனால் அடைப்பு எங்கே இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டியை அறிந்தவர் கையில் ஊசியும் கருவியாகிறது. அறியாதவரின் டிக்கியில் ஜாக்கியும் வெறும் சுமைதான். எனவே அடுத்த விடுமுறை நாளில், வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை ஸ்டெப்னியை இறக்கி மாட்டிப் பார்ப்பது நல்லது. அந்தப் பழக்கம் ஒரு மழை இரவில் கைகொடுக்கும்.